பட்டினச்சேரியின் பன்னிரண்டு பெட்டிகள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் மூன்று பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மேடம், எந்த நாட்டுக் கம்பெனிக்கு டேக் விக்கறது சுலபம்?" அன்றைக்கு நான் ஓய்வு பெறும் அவசரத்தில் இருந்தேன். மேசையைக் காலி செய்துகொண்டே "எதுவும் சுலபமில்லை, போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இருபத்தேழு வருஷம் இதே வேலையில் தேய்ந்தவள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் எப்படி? அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பொருள் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அட்டையின் அண்ணன் தம்பிதான் எல்லாம். ஒரு சில்லு, ஒரு மெல்லிய கம்பிச்சுருள். அதைப் படிக்கும் கருவி, ரீடர், பக்கத்தில் வந்தால் தன் எண்ணைச் சொல்லும். அதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றுமறியாத சில்லைப் பார்த்து ஒவ்வொரு ஊர் முதலாளிக்கும் ஒவ்வொரு எண்ணம் ஓடும். நான் பார்த்த கம்பெனிகளை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு நாடே அப்படி என்று எடுத்துக்கொண்டு போய் யாரிடமும் உளறி வைக்காதீர்கள்.

காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில்தான் நான் பிரான்சில் லியோனுக்குப் போனேன், இந்த வேலையைக் கற்றேன். அங்கே ஒரு துணிக்கடையில் டேக் வைத்தபோது கடைக்காரம்மாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. சட்டையை வாங்கிக்கொண்டு போனவளை அந்தச் சில்லு வீடு வரைக்கும் பின்தொடருமா? தொடராது என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், பணம் வாங்கும் இடத்தில் ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டார். விற்ற சட்டையின் டேக்கைத் தன் கையாலேயே வெட்டி எறிந்தார். ஜெர்மனியில் ஒரு சலவைக்கூடத்தில் முதலாளி என்னோடு பேசியது பத்து நிமிஷம். தொழிலாளர் பிரதிநிதி பேசியது இரண்டு மணி நேரம். விரிப்புகளை எண்ணுகிறேன் என்று வந்து எங்கள் ஆட்களை எண்ணுவீர்களா, சாப்பாட்டுக்கூட வாசலில் ரீடர் இருக்குமா என்று குடைந்தெடுத்துவிட்டார். துபாயில் நகைக்கடை வைத்திருந்தவருக்கு எண்ணிக்கையைப் பற்றி அக்கறையே இல்லை. வாசலில் பெரிய திரை வேண்டும், வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். திருப்பூரில் ஒருவர் நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "எவன் திருடுறான்னு இது காட்டிக் குடுக்குமா?"

ஜப்பானில்தான் என் மூக்கு உடைந்தது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நிறைந்த தட்டுகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ரீடர் படித்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அங்கிருந்த மூத்த மேற்பார்வையாளர் குனிந்து வணங்கிவிட்டு, "வெறும் தட்டுகள் எங்கே?" என்று கேட்டார். வெறும் தட்டை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டேன். "நிறைந்த தட்டு எங்கிருந்து வந்தது என்று வெறும் தட்டுக்குத்தான் தெரியும்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன். அதற்குப் பிறகு எங்கே வேலை செய்தாலும் காலிப் பெட்டி வெளியே போகும் வாசலிலும் ஒரு ரீடர் வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவும் பார்த்துவிட்டு, உலகத்தையே கரைத்துக் குடித்தவள் என்ற நினைப்போடு காரைக்காலுக்குத் திரும்பினேன். என் பணிக்காலத்தின் பெரிய தவற்றை என் சொந்த மண்ணில்தான் செய்தேன்.

நம் கம்பெனி சார்பில் டேக் வைக்க நான் வந்த மீன் ஏற்றுமதிக் கம்பெனி பிரான்சுக்குக் கணவாய் மீன் அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு பெட்டி கணவாயும் எந்தப் படகில் வந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே எங்கள் ஊரை ஒட்டிய மீனவர் கரையான பட்டினச்சேரியின் படகுகளில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் டேக் ஒட்டுவது என்று முடிவானது. கரையில் கூட்டம் போட்டு விளக்கினேன். ஒருவரும் அசையவில்லை. "நாங்க என்ன, மீனத் திருடியா கொண்டாரோம்?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். திருப்பூர்க்காரர் ஆசையோடு கேட்ட அதே கேள்வியை இவர் அவமானத்தோடு கேட்டார்.

அப்போது எழுந்தவர்தான் கலையரசி. கணவர் இறந்த பிறகு தன் ஃபைபர் படகைத் தானே ஆள் வைத்து நடத்துகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. குரல் மட்டும் கடலுக்குப் போய் வந்த குரல்.

"அக்கா, அந்தப் பெட்டி பாரீசுக்குப் போனா, கம்ப்யூட்டர்ல என் படகு பேரு வருமா?"

"பெட்டி போகாது. மீன்தான் போகும். ஆனா உங்க படகு பேரு கண்டிப்பா வரும்."

"அப்ப என் பன்னண்டு பெட்டியிலயும் ஒட்டுங்க. நம்ம புடிச்ச மீனுக்கு நம்ம பேரு வந்தா என்னா கொறஞ்சிடும்?"

அவர் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு மாதத்தில் கரை முழுக்க என் டேக்குகள். ஈரத்திலும் உப்பிலும் ஐஸிலும் படிக்கிற மாதிரி அவற்றை வைத்ததை இப்போதும் என் திறமை என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

அதோடு நின்றிருக்கலாம். சேகரிப்புக் கூடத்தில் எடை போடும் வேலாயுதம், ஒவ்வொரு பெட்டி வரும்போதும் "யாரு படகு?" என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதுவார். பெட்டியே தன் படகின் பேரைச் சொல்லும்போது மனுஷன் எதற்குக் கேட்க வேண்டும்? இரட்டை வேலை என்று சொல்லிச் சீட்டை நிறுத்தினேன். மேலாளர் என்னைக் கைதட்டிப் பாராட்டினார். வேலாயுதம் மட்டும் சீட்டுக் கட்டைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்தார். "இருக்கட்டும் மேடம்" என்றார். நான் சிரித்தேன்.

ஆறு மாதம் கழித்து, வாங்கும் கம்பெனியிலிருந்து எத்தியேன் என்பவர் பரிசோதனைக்கு வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கேட்கிறதை மட்டும் கேட்பார், சொன்னதை எழுதிக்கொள்வார். காலையில் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் முந்தைய ஒன்பது நாள் பதிவைத் திறந்தார். பிறகு தன் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை என் பக்கம் திருப்பினார். மணலில் ஏற்றி வைத்து, அடிப்பாகம் உரித்துப் போட்ட ஒரு படகு. பக்கவாட்டில் கலையரசி படகின் எண்.

"இந்தப் படகு பத்து நாளாகப் பழுதில் கிடக்கிறது என்றார்கள்" என்றார் பிரெஞ்சில். "ஆனால் உங்கள் பதிவில் இதே படகிலிருந்து ஒன்பது நாளும் மீன் வந்திருக்கிறது. தினமும் பதினொரு பெட்டி. கரையில் கிடக்கும் படகு எப்படி மீன் பிடிக்கும், மதாம்?"

அவர் நினைத்தது என்னவென்று உங்களுக்குப் புரியும். எங்கிருந்தோ வந்த பழைய மீனை ஒரு படகின் பேரில் கலக்கிறார்கள். அப்படி அறிக்கை போனால் கலையரசியின் படகு பட்டியலிலிருந்து போகும். அதோடு நிற்காது, பட்டினச்சேரிக் கூடத்தையே வாங்குகிறவர்கள் கைகழுவுவார்கள். அத்தனை படகுகளும் என் பேச்சை நம்பி டேக் ஒட்டியவை. எல்லாருக்கும் முன்னால் ஒட்டியவர் பேர்தான் இப்போது பொய்க்காரப் பட்டியலில் ஏறப் போகிறது.

மேலாளர் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "மேடம், அந்தப் படகு பேர மாத்தி விடுங்க. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லிப்போம். உங்களால முடியும்ல?"

"முடியும். செய்ய மாட்டேன்."

"சரி, அந்தம்மாவுக்குப் போனாவது போடுங்க. என்னா சொல்லணும்னு சொல்லிக் குடுங்க."

"அதுவும் மாட்டேன்."

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கலையரசி தப்பு செய்திருக்கவே மாட்டார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அவரைத் தெரிந்தது ஆறு மாதம்தான். ஆனால் ஒன்று தெரியும். ஒரு வரியை நான் திருத்தினால், அதற்குப் பிறகு என் பதிவில் உண்மையான வரி என்று ஒன்றும் இருக்காது. மீதியெல்லாம் உண்மை என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்த நேரத்தில்தான் ஐஸ் கம்பெனி வாசல் நினைவுக்கு வந்தது. காலிப் பெட்டிகள் விடியலில் ஐஸ் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும் வழி அது. ஒவ்வொரு படகுக்கும் முறை வரும்போது ஐஸ்காரர் படகின் பேரைப் பதிவார். அந்த முறையில் வெளியே போகும் பெட்டிகளை என் ரீடர் படிக்கும். "வெறும் பெட்டியப் படிச்சி என்னா பண்ணப் போறோம்?" என்று மேலாளர் இரண்டு தடவை கழற்றச் சொன்ன ரீடர். ஜப்பான்காரர் முகத்துக்காக விட்டுவைத்திருந்தேன். அந்தப் பதிவை அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. நானும்தான்.

உள்ளே போய் எத்தியேனிடம் சொன்னேன். "இன்னொரு பதிவு இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. அதைத் திறக்கும் உரிமையை உங்கள் கணினிக்குத் தருகிறேன். என்னுடையதில் மூடிவிடுகிறேன். முதலில் அந்தப் பெண்மணியிடம் போய்க் கேட்போம். அவர் சொல்லி முடித்த பிறகு நீங்கள் திறந்து பாருங்கள்."

"அவர் சொல்வதும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால்?"

"அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

மேலாளரும் எங்களோடு கிளம்பினார். கலையரசி தன் வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எத்தியேன் கேட்டதை நான் அப்படியே தமிழில் கேட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்கள் படகு கரையில் கிடக்கிறது. உங்கள் பெட்டிகளில் மீன் வந்திருக்கிறது. எப்படி?

கலையரசி என்னைத்தான் முறைத்தார், அவரை அல்ல.

"என்னாக்கா, நீங்க இந்தப் பக்கத்துக்காரவங்கதான? படகு கரையேறுனா பெட்டி சும்மாவா கெடக்கும்? போற படகுக்குக் குடுக்க மாட்டமா? ஆறு முருகையன் படகுக்கு, அஞ்சு செல்வமணி படகுக்கு. தெனமும் அப்புடித்தான்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூடை, இப்போது பிளாஸ்டிக் பெட்டி. பழுது, நோய், துக்கம் என்று எதனால் ஒரு படகு கரையில் நின்றாலும் அதன் பெட்டிகள் மற்றப் படகுகளில் கடலுக்குப் போகும். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும், பெட்டி இருக்கும் இடத்தில்தான் படகும் இருக்கும் என்று ஒரு சிஸ்டம் செய்து வைத்திருக்கிறேன். அதோடு, "யாரு படகு?" என்று கேட்ட ஒரே மனிதரின் வாயையும் அடைத்துவிட்டேன்.

நான் மொழிபெயர்த்ததும் எத்தியேன் நெற்றியைச் சுருக்கினார். "பெட்டி இவருடையது என்றால் மீனும் இவருடையது என்றுதானே பதிவு சொல்கிறது?"

கலையரசி வலையைக் கீழே போட்டார். "அவரக் கேளுங்கக்கா. அவரு பக்கத்து வீட்டுல பானை வாங்கிச் சோறாக்குனா, அந்தச் சோறு பக்கத்து வீட்டுக்காரங்களுதா?"

இதைப் பிரெஞ்சில் சொன்னேன். எத்தியேன் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் சிரித்த கையோடு கணினியைத் திறந்தார். சிரிப்பு வேறு, வேலை வேறு. அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஐஸ் வாசல் பதிவை ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். முருகையன் முறையில் அவருடைய பெட்டிகளோடு கலையரசியின் ஆறு. செல்வமணி முறையில் ஐந்து. இரண்டாம் நாள், ஆறும் ஐந்தும். ஐந்தாம் நாளும். ஒன்பதாம் நாள் முடிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் விரலைத் தூக்கினார்.

"ஆறும் ஐந்தும் பதினொன்று. இவருக்குப் பன்னிரண்டு பெட்டி. ஒன்று இந்த ஒன்பது நாளில் எந்த வாசலிலும் படவில்லை. அது எங்கே?"

வந்த மூச்சு திரும்பப் போய்விட்டது. கலையரசியைக் கேட்டேன்.

"அதுவா? அடி ஒடஞ்சி போச்சி. கொல்லையில கருவாடு கெடக்கு அதுல."

நான்கு பேரும் கொல்லைக்குப் போனோம். ஓலைத் தட்டிகளில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கருவாட்டால் மூடிய ஒரு குவியல். பெட்டி இருப்பதே தெரியவில்லை. நான் கொண்டுபோயிருந்த, கையில் பிடிக்கும் ரீடரை எத்தியேன் என்னிடம் விடவில்லை, தானே வாங்கிக்கொண்டார். குவியலின் மேல் மெல்ல நகர்த்தினார். சத்தமில்லை. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தியேன் இன்னும் கொஞ்சம் குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ரீடரைக் கருவாட்டுக்குள்ளேயே விட்டார்.

பீப்.

திரையில் கலையரசியின் படகு எண். பெட்டி பன்னிரண்டு. அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஈடாக நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, கருவாட்டு நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வாசலுக்கு வந்ததும் எத்தியேன் ஒன்று கேட்டார். பெட்டிகளைக் கொடுப்பதால் இவருக்கு என்ன கிடைக்கிறது? கலையரசிக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"வாங்குனவங்க பெட்டிய வெறுமனயா திருப்பித் தருவாங்க? கொழம்புக்கு மீனு போட்டுத்தான் கொண்டாந்து வைப்பாங்க. படகு கரையில கெடந்தாலும் எங்க வீட்டுல கொழம்பு கொதிக்கணும்ல?"

எத்தியேன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, மேலாளர் "தொழில்நுட்பக் கோளாறு" என்று போடச் சொன்னார். நான் மறுத்தேன். "ரீடர் ஒழுங்காகப் படித்தது. டேக் ஒழுங்காகச் சொன்னது. பெட்டி கைமாறும் என்று தெரிந்தும் அதற்கு இடம் வைக்காமல் விட்டது அமைப்பைச் செய்தவரின் தவறு. அதைச் செய்தவள் நான்" என்று எழுதி என் பெயரைக் கீழே போட்டேன். இருபத்தேழு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள்களில் எதைப் பற்றிப் பெருமை என்று கேட்டால், ஜெர்மன் சலவைக்கூடத்தையோ துபாய்த் திரையையோ சொல்ல மாட்டேன். இந்தத் தாளைத்தான் சொல்வேன். பட்டினச்சேரியில் ஒரு படகின் பேர்கூடப் பட்டியலிலிருந்து போகவில்லை.

மறுநாளே வேலாயுதத்திடம் போய், பரணிலிருந்து சீட்டுக் கட்டை இறக்கச் சொன்னேன். அவர் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். "யாரு படகு?" என்ற கேள்வி திரும்பவும் வந்தது. இன்றைக்கு நீங்கள் திரையில் பார்க்கிறீர்களே, பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் 'இரவல்' என்று ஒரு கட்டம், அது அன்றைக்குப் பிறந்ததுதான். யாருடைய பெட்டி, யார் வாங்கியிருக்கிறார், திரும்பியதா. இது எதற்கு வேண்டாத கட்டம் என்று உங்களில் ஒருவர் முகம் சுளித்ததை நான் கவனித்தேன். இப்போது தெரிந்திருக்கும்.

எத்தியேன் ஊருக்குப் போகுமுன், தலைமையகத்தில் காட்ட ஒரு டேக் ஒட்டிய பெட்டி வேண்டும் என்று கேட்டார். நல்லதாக ஒன்றைக் கழுவித் துடைத்துக் கலையரசியே கொடுத்தார். நான் விளையாட்டாக இரவல் கட்டத்தில் எத்தியேன் பேரை ஏற்றி வைத்தேன். பிறகு மறந்தும்போனேன்.

ஒரு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் எத்தியேன் மறுபடி வந்தார். நீங்கள் மூவரும் அப்போது சேர்ந்திருக்கவில்லை. காரிலிருந்து இறங்கியவர் கையில், விமானத்தில் சுமந்து வந்த அதே பிளாஸ்டிக் பெட்டி. என்னிடம் கொடுக்கவில்லை. நேரே கலையரசி வீட்டுக்குப் போய்த் தரையில் வைத்துத் துணியை விலக்கினார். பெட்டி நிறைய ஓட்டோடு வால்நட் கொட்டை. தன் அம்மா வீட்டுத் தோட்டத்து மரத்தில் பறித்தது என்றார்.

கலையரசி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "இது என்னா, இத வச்சி என்னா கொழம்பு வைக்கறது?" என்று என்னைக் கேட்டார். பிறகு எத்தியேனை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடியில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பரவால்லக்கா. பெட்டியத் திருப்பித் தரத் தெரிஞ்ச ஆளுதான். இனிமே இவரு கேட்டா குடுக்கலாம்."

நான் அலுவலகத்துக்கு வந்து பதிவைத் திறந்தேன். இரவல் வாங்கியவர்: எத்தியேன். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் 'திரும்பியது' என்று போட்டேன். இந்த வேலையில் நான் செய்த கடைசிப் பதிவு அதுதான்.